வாயில்லா ஜீவனுக்கு வீட்டு வைத்தியம்

மும்பையில் மழைக்காலம் பிறந்தால் மனிதருக்குச் சளியும் நாய்களுக்கு உண்ணியும் தவறாமல் வந்துவிடும். எங்கள் வீட்டு மணியை ஒன்பது ஆண்டுகளாக வளர்த்துவருவதால் சில கைப்பக்குவங்கள் எங்களுக்குப் பழகிவிட்டன.

வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஆறிய நீரால் அதன் உடலைத் துடைப்போம்; அரிப்பு சற்றுத் தணிகிறது. தார்ச்சாலையில் நடந்து வெடித்த பாதங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவோம். வயிறு லேசாக இளகினால் உப்பும் காரமும் சேராத குழைந்த சோற்றுடன் வெந்த பரங்கிக்காயைப் பிசைந்து கொடுப்போம். நமக்கு நன்மையான வெங்காயம், பூண்டு, திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு. அவற்றை அதன் தட்டில் சேர்ப்பதில்லை.

ஓர் ஆகஸ்டு மாதத்தில் மணி இரண்டு வேளை உணவைத் தொடவில்லை. உடல் அனலாய்க் கொதித்தது, ஈறுகள் வெளுத்திருந்தன. “நிலவேம்புக் கஷாயம் ஊற்றிப் பாருங்கள், தம்பி” என்று பக்கத்து வீட்டு அக்கா பரிவோடு சொன்னார். ஆயினும் அன்று மாலையே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். உண்ணிக் காய்ச்சல் என்று இரத்தப் பரிசோதனை காட்டியது. 28 நாட்கள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தோம், மணி பிழைத்தது.

வேம்பு தோலுக்கு இதமளிக்கும். இரத்தத்தில் புகுந்த கிருமியை நீக்க மருந்தே வேண்டும். அவ்வாறே வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஈடான மூலிகை எதுவுமில்லை. தன் நோவைச் சொல்ல அந்த ஜீவனுக்கு வாயில்லை. ஆகையால் நாள்தோறும் அதன் ஈறு, காது, விரலிடுக்குகளை விரல்களால் தடவிப் பாருங்கள். வீட்டு வைத்தியங்களில் அதுவே முதன்மையானது.