ஞெலிகோலும் எரிவாயு அடுப்பும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் இயல்பைப் பாடவந்த ஔவையார், புறநானூற்றில் ஓர் எளிய வீட்டுப்பொருளை உவமையாக எடுத்தாள்கிறார். கூரையின் இறைப்பில் செருகிவைக்கப்பட்ட ஞெலிகோலே அப்பொருள். தீக்கடைய உதவும் அக்கோல் வேண்டாதபொழுது இருக்குமிடம் தெரியாமல் கிடக்கும். வேண்டும்பொழுது தீயை வெளிப்படுத்தும். மன்னனின் அடக்கத்தையும் ஆற்றலையும் ஒருங்கே உணர்த்தும் அவ்வுவமையை வகுப்பில் விளக்கும்போதெல்லாம், என் மனம் மற்றொரு கருத்திலும் தங்குவதுண்டு. தீமூட்டும் கருவி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கும் அஃது ஓர் இலக்கணம் அன்றோ? ஆரவாரம் இன்றிக் கிடக்கவேண்டும். அழைத்தபொழுது தவறாது பணிசெய்ய வேண்டும்.

திருக்குர்ஆனின் ‘அல்வாகிஆ’ அத்தியாயம், மனிதன் மூட்டும் நெருப்பைப் பற்றிச் சிந்திக்குமாறு அவனை அழைக்கிறது. நாள்தோறும் அடுப்பின் முன் நிற்பவர்கூட அந்நெருப்பைப் பற்றி எண்ணுவது அரிது. நானும் அவ்வாறே இருந்தேன். என் உம்மாவின் பழைய எரிவாயு அடுப்பு என் கைக்கு வந்த பின்னரே அச்சிந்தனை எனக்கு வாய்த்தது.

எழுபதுகளின் இறுதியில் வாப்பா வாங்கித் தந்த அடுப்பு அது. இரும்புச் சட்டம், இரண்டு பித்தளைப் பர்னர்கள், இரண்டு திருகுகள். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. விறகுப் புகையில் கண் கலங்கிக்கொண்டிருந்த உம்மாவுக்கு அது விடுதலைப் பத்திரமாகவே விளங்கிற்று. உம்மா மறைந்தபின் பல ஆண்டுகள் அது பரணில் கிடந்தது. வீட்டைச் சீரமைத்தபோது கீழே இறக்கினோம். “தம்பி, இதை எடைக்குப் போட்டுவிடலாமே. பித்தளைக்கு நல்ல விலை கிடைக்கும்” என்றார் ராத்தா. அவர் சொன்னதில் தவறில்லை. எனினும், பழுது இன்னதென்று அறியாமலே ஒரு பொருளைக் கழித்துவிடுவது வீண்விரயம் அன்றோ என்று என் மனம் தடுத்தது. அடுப்புப் பழுதுபார்ப்பதில் நாற்பதாண்டுப் பழக்கமுள்ள முதியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பணிசெய்ய, நான் உடனிருந்து கற்றுக்கொண்டேன்.

பர்னர் மூடிகளின் துளைகள் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. எத்தனையோ ரமலான் மாதங்களில் பொங்கி வழிந்த நோன்புக் கஞ்சியின் எச்சம் அது. புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்ததும் பித்தளை பொன்போல் துலங்கிற்று. அடுத்து, வாயு வெளிப்படும் ஜெட் என்னும் சிறு முனையை அவர் கழற்றினார். அதன் நடுவே ஊசி நுழையும் அளவுக்கும் குறைவான ஒரு துளை. “இதில் கம்பியை விட்டுக் குடையக்கூடாது சார். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வாயு கூடுதலாக வரும். அடுப்பு கெடும், பாத்திரம் கரியாகும்” என்று எச்சரித்து, மண்ணெண்ணெயில் கழுவி ஊதியே அதைத் தூய்மை செய்தார். ஜெட்டிலிருந்து பாயும் வாயு, போகும் வழியில் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாயினுள் கலக்கிறது. அக்கலவை சரியாக அமைந்தால் சுடர் நீலமாக நிற்கும். காற்றுக் குறைந்தால் மஞ்சளாகிப் புகையும். அடுப்பின் நோயைச் சுடரின் நிறமே சொல்லிவிடுகிறது.

திருகுகளே கடினமான பகுதி. திருகினுள் கூம்பு வடிவப் பித்தளை அடைப்பான் ஒன்று, தனக்கென இழைக்கப்பட்ட குழியில் அமர்ந்து சுழல்கிறது. ஒன்றன் அடைப்பான் மற்றொன்றின் குழிக்குப் பொருந்தாது. பழைய மசகு காய்ந்து இறுகியிருந்தது. அதனைத் துணியால் துடைத்து, வெப்பம் தாங்கும் மசகைப் பூசினார். உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே கூடாதாம். ஒரு கீறல் விழுந்தாலும் அதன்வழியே வாயு கசியும். எல்லாவற்றையும் பூட்டியபின் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தோம். இடப்பக்கத் திருகு அமைதியாக இருந்தது. வலப்பக்கத்தில் சின்னஞ்சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

அங்கேதான் ஒரு முடிவு தேவைப்பட்டது. உம்மாவின் கைபட்ட திருகு என்ற பாசம் ஒருபுறம். சமையலறையில் நிற்கப்போகும் பேரப்பிள்ளைகளின் உயிர் மறுபுறம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே சென்று கலைந்துவிடாமல் தரையோடு படிந்து தங்கும். இயல்பில் மணமற்ற அவ்வாயுவில் எதைல் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலப்பதே, மூக்கு நம்மை எச்சரிப்பதற்காகத்தான். தேய்ந்த அடைப்பானுக்கு மருந்தில்லை என்று முதியவர் கூறிவிட்டார். வலப்பக்கத் திருகு முழுவதையும் மாற்றினோம். ரப்பர் குழாயையும் புதிதாக இட்டோம். அக்குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது யாவரும் அறியவேண்டிய விதி. பழமையைப் போற்றுதல் வேறு. பழுதைப் போற்றுதல் வேறு.

இனி, தீமூட்டும் கருவிக்கு வருவோம். சிக்கிமுக்கிக் கல்லுக்குப்பின் மனிதன் நெடுங்காலம் காத்திருந்தான். 1826இல் இங்கிலாந்தின் ஜான் வாக்கர் உரசித் தீமூட்டும் குச்சியைக் கண்டறிந்தார். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர்; வானம் பார்த்த அக்கரிசல் பூமிக்கு அத்தொழில் வாழ்வளித்தது. தீக்குச்சிக்கு ஒரே குறை, ஐப்பசி மழையின் ஈரத்தில் அது நமுத்துப்போவதுதான்.

நாம் கையில் பிடித்து அழுத்தும் கேஸ் லைட்டரின் கதை, 1880இல் பியேர் கியூரியும் அவர்தம் அண்ணன் ழாக் கியூரியும் கண்டறிந்த உண்மையில் தொடங்குகிறது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்பதே அது. லைட்டரின் பொத்தானை அழுத்தும்போது உள்ளே சுருள்வில் இறுகுகிறது; குறித்த எல்லையில் விடுபட்டு, சிறு சுத்தியலால் ஒரு பீங்கான் துண்டை அடிக்கிறது. அந்த ஓர் அடியில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுந்து நுனியில் பொறியாகத் தாவுகிறது. மின்கலம் இல்லை, எரிபொருள் இல்லை. நம் கட்டைவிரலின் வலிமையே பொறியாக மாறுகிறது.

எங்கள் வீட்டில் திருகினாலே தானாகப் பற்றும் புதிய அடுப்பும் உண்டு. அதிலும் பொறிதான் பிறக்கிறது. ஆனால் அப்பொறி மின்கம்பியின் வழியே சென்று, ஒவ்வொரு பர்னரின் அருகிலும் பீங்கான் உறைக்குள் நிற்கும் முனையை அடையவேண்டும். பால் பொங்கி வழிந்தால் ஈரத்தின் வழியே மின்சாரம் திசைமாறும். பீங்கானில் விரிசல் கண்டால் பொறி இடையிலேயே ஒழுகிவிடும். முனை சற்று வளைந்தாலும் பொறி தாவாது. ஒருமுறை ரமலானில், சஹருக்கு நேரம் நெருங்கிய வேளையில் அது வெறுமனே ‘டிக் டிக்’ என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆணியில் தொங்கிய லைட்டர்தான் அன்று சஹர் உணவைத் தந்தது.

ஆயினும் எளிமையே முடிந்த முடிபு என்று வாதிடுவது என் நோக்கமன்று. சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு சில புதிய அடுப்புகளில் உள்ளது. சுடரின் வெப்பத்தால் மின்சாரம் தரும் இருவேறு உலோகங்களின் இணைப்பு, ஒரு சிறு காந்தத்தின் துணையோடு வால்வைத் திறந்து வைத்திருக்கும். சுடர் அணைந்து சூடு தணிந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். உம்மாவின் அடுப்பில் இவ்வசதி இல்லை. உயிர் காக்கும் புதுமையை வரவேற்பதே அறிவுடைமை. அதேவேளை, ஒரு விரலசைவை மிச்சப்படுத்தும் பொருட்டு நான்கு பழுதுகளைக் கொண்டுவரும் புதுமையைத் தயங்கி ஏற்பதும் அறிவுடைமையே.

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு எத்தனையோ ஏழைக் குடில்களை எட்டியுள்ளது. அவ்வீடுகளில் மாற்றடுப்பு ஏது? அது பழுதுற்றால் மீண்டும் விறகும் புகையுமே. ஆகவே, சோப்பு நுரையால் கசிவறிதலும், சுடரின் நிறமறிதலும், பற்றாதபோது திருகை மூடிச் சன்னலைத் திறந்து பொறுத்திருத்தலும் கல்வியின் பகுதியாகவே கருதத்தக்கவை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் நாளும் ஆளும் பொருள்களில் ஒன்றையேனும் திறந்து பாருங்கள். அதன் உறுப்புகளின் பெயரையும் தொழிலையும் அறிந்துகொள்ளுங்கள். அறிந்தவர்களிடம் கேட்டுப் பழகுங்கள்; அவர்களுள் பலர் பட்டம் பெறாதவர்களாக இருக்கலாம். எதைப் பழுதுபார்ப்பது, எதை மாற்றுவது, எதைக் கைவிடுவது என்று பகுத்துணரும் திறன் அவ்வாறுதான் வாய்க்கும். அத்திறன் உடைய வீட்டில் அடுப்பு அணையாது.