குவாட்டர் பாட்டில் அளவு

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். செங்கோட்டைப் பட்டறைகளுக்கு முன் ஃபோர்க் ஒழுகும் வண்டிகள் வரும். திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை பதித்த நுழைவாயில் வளைவுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தகரக் கொட்டகையில் என் பழைய ஸ்பிளெண்டரை நிறுத்தினேன். ஆடி மாதக் காலை.

பட்டறை அண்ணாச்சி முன் பிரேக்கைப் பிடித்து, ஹேண்டில்பாரை இரண்டு தரம் அமுக்கினார். முன்பக்கம் தொபுக்கென்று இறங்கி, விட்டதும் துள்ளி எழுந்தது.

“ஸ்பிரிங்கு இருக்கு, எண்ணெ இல்ல. புளியரை இறக்கத்துல பிரேக்குப் பிடிச்சா முன்சக்கரம் தத்துதா?”

“தத்துது அண்ணாச்சி. எஸ் வளைவுல பயமா இருக்கு.”

சக்கரமும் மட்கார்டும் கழன்றன. ஃபோர்க்கின் இடது காலைக் கவிழ்த்ததும் ஈயப் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல் நீர். அழுகிய மீன் நாற்றம். ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். அது துள்ளாமல் பிடித்து வைப்பது இந்த எண்ணெய், சின்னத் துளைகளின் வழியே திணறித் திணறிப் போகும்போது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 1935-இல் ஆர் 12 வண்டியில் கொண்டுவந்த ஏற்பாடு. இன்று ரம்புட்டான் கூடை கட்டிய சிடி 100-இலும் அதே வேலைதான் நடக்கிறது.

உள்குழாயை என் கையில் கொடுத்து, நகத்தால் வழிக்கச் சொன்னார். ஓரிடத்தில் நகம் தட்டியது. குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு துரு. சாரல் ஈரத்தில் சேறு காயாமல் ஒட்டியே கிடந்தால் வருவது. ரப்பர் சீலின் உதட்டைக் கிழிப்பது அந்தப் புள்ளிதான். புது சீல் மாற்றியும் ஒரே மாதத்தில் ஒழுகுகிறதென்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் குழாயைத் தடவிப் பார்ப்பதில்லை. நானும் அந்தக் கட்சிதான். அண்ணாச்சி வாட்டர் பேப்பர் வைத்துத் தேய்த்து, புது சீலை இறக்கினார்.

அளவுக்கு அவர் எடுத்தது 180 மில்லி குவாட்டர் பாட்டில். பக்கவாட்டில் சிவப்பு நகப்பூச்சில் நாலு கோடுகள், வண்டி ரகத்துக்கு ஒன்று. ஊற்றி, குழாயை ஏழெட்டுத் தரம் ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றியபின், பையன் இரும்பு ஸ்கேலை உள்ளே விட்டு எண்ணெய் மட்டம் பார்த்தான். வலதில் ரெண்டு மில்லிமீட்டர் கூடுதல்.

“உறிஞ்சுலே,” என்றார். மாட்டு ஊசிக் குழல் வந்தது.

காத்திருந்த ரம்புட்டான் கூடைக்காரர் குறுக்கே விழுந்தார்: “எனக்கு ரெண்டு சொட்டு கூட ஊத்துங்க, பாரம் அடிக்கேன்லா.”

“ஊத்த மாட்டேன். மேல இருக்க காத்தும் ஒரு ஸ்பிரிங்குதான். அதுக்கு எடம் இல்லாட்டி சீலு பிதுங்கிரும்.”

ஆனால் பாரவண்டிகளுக்கு 10டபிள்யூ ஃபோர்க் ஆயிலுக்குப் பதில் என்ஜின் ஆயிலை அவரே ஊற்றுவதைப் பார்த்தேன். எனக்கு அதில் சம்மதமில்லை. எண்ணெய் கெட்டியானால் ஃபோர்க் மெதுவாகத்தான் எழும்பும். அடுத்தடுத்துக் குழி வந்தால் எழும்புவதற்குள் மறுபடி அமுங்கும். கேட்டேன். “பாரத்துக்கு இதான் நிக்கும்,” என்று முடித்துவிட்டார்.

தூறலிலேயே புளியரை வரை ஓட்டித் திரும்பினேன். எஸ் வளைவில் முன்பக்கம் நிதானமாக அமுங்கி நின்றது. பட்டறையில் வெள்ளைப் பனியன் துணியால் இரண்டு குழாயையும் துடைத்துக் காட்டினேன். இடது சுத்தம். வலதில் மெல்லிய எண்ணெய் வளையம்.

அண்ணாச்சி துணியை முகர்ந்து பார்த்தார். “சீலு போடயில தடவுன எண்ணெ. நாளைக்கும் இருந்தா கொண்டாங்க.”