டார்த் வேடருக்கும் திக்கும்!

என் மகனுக்கு 11 வயது. திக்கிப் பேசுவான். அதிலும் 'ப'வில் தொடங்கும் சொல் என்றால் அங்கேயே நின்றுவிடுவான். போன் அடித்தால் பாத்ரூமுக்குள் ஓடிவிடுவான். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொல்லும் நாள்களில் காலையிலேயே வயிற்றுவலி வந்துவிடும். "எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா" என்று ஒருநாள் சொன்னான். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோடை விடுமுறையில் அவனும் அவன் அப்பாவும் 'ஸ்டார் வார்ஸ்' பார்க்க ஆரம்பித்தார்கள். 1977-ல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த முதல் படம். நானும் வெங்காயம் உரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கிரகத்தையே பொடியாக்கும் ஆயுதம், விண்கலச் சண்டை. இன்னொரு பக்கம் 'ஃபோர்ஸ்' என்கிற கண்ணுக்குத் தெரியாத சக்தி, அதைச் சொல்லித்தரும் வயதான குரு, ஒளிவாள். போர்ப் படத்தையும் விட்டலாச்சார்யா படத்தையும் கலந்து விண்வெளிக்கு அனுப்பியது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெங்காயத்தை மறந்துவிட்டேன்.

வில்லன் டார்த் வேடர் வந்ததும் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கறுப்பு முகமூடி, கரகரவென்ற மூச்சு, அடிவயிற்றிலிருந்து வரும் குரல்.

மறுநாள் சமைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து 'ஹூ... ஹா...' என்று சத்தம். திரும்பினால், காலிச் சொம்பை வாயில் கவிழ்த்துப் பிடித்தபடி மகன்.

"பெண்ணே! பருப்பு சாதத்தில் பத்துச் சொட்டு நெய் விடு!"

மூன்று 'ப'. ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. கரண்டியோடு அப்படியே நின்றேன்.

அவனுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவரிடம் சொன்னேன். "பாடும்போதும் வேற ஆள் மாதிரி நடிக்கும்போதும் நிறைய பேருக்குத் திக்காது. ஆனா, எப்பவும் சொம்போட இருக்க முடியாதே" என்றார்.

அன்று இரவு அந்தக் குரல் யாருடையது என்று தேடினேன். வேடர் உடையில் நடித்தவர் டேவிட் ப்ரவுஸ். மூச்சுச் சத்தம், ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், நீருக்கடியில் நீந்துபவர்களின் சுவாசக் கருவியை வைத்து உருவாக்கியது. குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையது. அவர் சிறுவயதில் கடுமையாகத் திக்கியவர். பல வருடங்கள் கிட்டத்தட்ட பேசுவதையே நிறுத்திவிட்டவர்! உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆங்கில ஆசிரியர், அவர் எழுதிய கவிதையை வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார். அன்று திக்காமல் வந்திருக்கிறது.

மகனிடம் சொன்னேன். கண்கள் விரிந்தன.

"அ... அப்புறம் அவருக்குச் சரியாப் போயிடுச்சாம்மா?"

ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. "இல்லடா கண்ணா. பெரிய நடிகரான பிறகும் தான் திக்குறவர்னுதான் சொன்னாராம். ஆனா, பேசுறதை மட்டும் நிறுத்தலை."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப டார்த் வேடருக்கும் திக்கும்" என்றான். அப்படியொரு சந்தோஷம் அவன் முகத்தில்!

அடுத்த வாரம், 1983-ல் வந்த மூன்றாவது படத்தைச் சேர்ந்து பார்த்தோம். கடைசியில் வேடர், முகமூடியைக் கழற்றச் சொல்லித் தன் மகன் ல்யூக்கிடம் கேட்கிறான். கழற்றினால் உள்ளே வெளிறிப்போன ஒரு வயதான அப்பா. பயமுறுத்திய அந்தக் குரலும் போய்விடுகிறது. மகனைச் சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. இத்தனை கிரகங்கள், இத்தனை சண்டை எல்லாம் முடிந்து மிஞ்சியது ஓர் அப்பாவும் பிள்ளையும்தான்.

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகன் திக்கும்போதெல்லாம் "சீக்கிரம் சொல்லுடா" என்பார். இல்லாவிட்டால் மீதிச் சொல்லைத் தானே முடித்துவிடுவார். உதவி என்றுதான் நினைத்திருந்தார். நானும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து என் அம்மா பேசினார். மகன் பாத்ரூமுக்கு ஓடவில்லை. போனை வாங்கிக்கொண்டான். சொம்பு பக்கத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

"பா... பா... பா..."

கணவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் அம்மாவும் காத்திருந்தார்.

"...பாட்டி! எப்ப வர்றீங்க?"