லைனர் கழன்ற நாள்



சென்ற வாரம் தியானம் ஏன் வெளிவரவில்லை என்று உங்களில் சிலர் ஆராதனைக்குப் பின் கேட்டீர்கள். எனக்குச் சுகவீனம் என்று எண்ணி ஜெபித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு என் நன்றி. உண்மையில் நான்கு நாட்கள் என் கைகள் கரி ஆயிலில் இருந்தன.

திருவானைக்காவலின் வடக்கே, கொள்ளிடக் கரையோர வாழைத் தோப்புகளுக்கு நடுவே, எங்கள் தகப்பனார் கட்டிய கொட்டகை ஒன்று இருக்கிறது. அவர் வாங்கிய பழைய மாஸி ஃபெர்குசன் டிராக்டர் அதில் நிற்கிறது. பெர்கின்ஸ் வடிவமைப்பில் சென்னை சிம்சன் நிறுவனம் செய்த மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் அந்த டிராக்டரும் நிலமும் அண்ணனுக்கும் எனக்கும் நடுவே வழக்காயின. ஆறு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. ஞாயிறுதோறும் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்த உங்கள் போதகர் தம் சொந்த அண்ணன் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனார். இதை உங்களிடம் மறைத்தேன், இப்போது அறிக்கையிடுகிறேன்.

காவிரியில் தண்ணீர் வந்து சம்பா உழவு தொடங்கும் வேளையில் அண்ணி தொலைபேசியில் அழைத்தார்கள். “தம்பி, எஞ்சினைத் தனியாகப் பிரிக்கிறார். கை நடுங்குகிறது. சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.” போனேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

எஞ்சின் நீலப் புகை விட்டு ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்ததாம். இவ்வகை டிராக்டரில் தனிச் சட்டம் கிடையாது, எஞ்சினே முதுகெலும்பு. ஆகையால் வண்டியை நடுவில் பிரித்து, முன் அச்சையும் கழற்றி, கிராங்கை வெளியே எடுத்து, வெறும் பிளாக்கை மரக்கட்டைகள்மேல் வைத்திருந்தார். சிலிண்டருக்குள் விரலை விட்டால், மேல் விளிம்பில் ரிங் தொடாத இடம் படிபோலத் தட்டிற்று. லைனர்கள் தேய்ந்துவிட்டன. மூன்றையும் எடுத்தாக வேண்டும்.

சில எஞ்சின்களில் லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும். அவற்றை அடியிலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். இதுவோ உலர்ந்த வகை. மெல்லிய வார்ப்பிரும்புக் குழாய், பிளாக்கின் துளைக்குள் அழுத்தி இறுக்கப்பட்டது. இடையே மயிரிழை இடம்கூட இல்லை. அத்துடன் பல ஆண்டுச் சூட்டில் இரண்டும் ஒன்றாய்ப் பிடித்திருந்தன. இதற்கென்று இழுவைக் கருவியும் அழுத்து இயந்திரமும் உண்டு. எங்களிடம் இரண்டும் இல்லை.

அண்ணன் லேத் பட்டறையில் ஒரு வட்டத் தகட்டைக் கடைந்து வாங்கியிருந்தார். லைனரின் வெளி அளவைவிடச் சற்றே சிறியது. அடி விளிம்பைப் பிடிக்கும், பிளாக்கைத் தொடாது. அதன் நடுவே மரை போட்ட நீளக் கம்பி. பிளாக்கின் மேலே அகலமான குழாய்த் துண்டு, அதன்மேல் கனத்த பட்டை, நட்டு. நட்டை முடுக்க முடுக்க லைனர் மேலேறிக் குழாய்க்குள் வரவேண்டும். முதல் லைனர் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. இரண்டாவதில் கம்பியின் மரை வழித்துக்கொண்டு போயிற்று. வேறு கம்பி மாற்றியும் அது அசையவில்லை.

அண்ணன் உளியையும் சம்மட்டியையும் எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆறு ஆண்டுகளில் நாங்கள் ஒருவரையொருவர் தொட்டது அதுவே முதல்முறை. உளி ஒருமுறை வழுக்கிப் பிளாக்கின் துளையைக் கீறிவிட்டால் புதிய லைனர் சரியாக அமராது. பிளாக் வெடித்தாலோ டிராக்டரே போயிற்று. அவருக்கும் அது தெரியும். ஆயினும் ஓங்கிய கை தானாக இறங்குவதில்லை.

அந்த உளி எனக்கும் பழக்கமானதே. பிரிவு தொடங்கிய காலத்தில் அண்ணனுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் வேதவசனங்கள், ஒவ்வொன்றும் அவர் எங்கே தவறினார் என்பதைக் காட்டுவதற்காகவே தேர்ந்தெடுத்தவை. அவர் அசையவில்லை என்று கர்த்தரிடம் முறையிடவும் செய்தேன்.

அன்று மாலை நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவரை அழைத்து வந்தேன். திருவெறும்பூர் பெல் ஆலையில் வெல்டராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் பிளாக்கைச் சுற்றி வந்து, “இதை அடிக்கக் கூடாது ஐயா, சுட வேண்டும்” என்றார். லைனரின் உட்சுவரில் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஒரு வெல்டிங் வரி, சற்றுத் தள்ளி இன்னொன்று, பின்பு மூன்றாவது. மெல்லிய சுவரைத் துளைத்துப் பிளாக்கோடு ஒட்டிவிடாதபடி கரண்டைக் குறைத்து வைத்தார். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும் என்று வெல்டர்கள் தயங்குவார்கள். இங்கே லைனர் பழைய இரும்புக்குப் போவதுதான். விரிசல் விட்டால் நல்லதே.

அது ஏன் கழலும் என்று கேட்டேன். சுட்ட கோடு விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. ஆகவே கோடு தனக்குள்ளேயே நசுங்கும். ஆறும்போது முன்னிருந்த அளவைவிடச் சிறுத்து, குழாயின் சுற்றளவையே உள்நோக்கி இழுக்கும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு சுருங்கினால் போதும், பிடி விட்டுப்போகும். தண்ணீர் ஊற்றி அவசரப்படக் கூடாது, பிளாக் வெடிக்கும் என்று எச்சரித்துவிட்டுத் தேநீர் கேட்டார்.

நாங்கள் மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இரும்பு டிக், டிக் என்று ஒலித்து ஆறியது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குப் பின் அண்ணன் லைனரைக் கையால் திருகினார். அது சுழன்றது. மேலே தூக்கினார்; வந்துவிட்டது. பிளாக்கின் துளையில் ஒரு கீறலும் இல்லை.

யோவான் 3-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை இந்த வாரம் உங்கள் வேதாகமத்தில் வாசியுங்கள். எல்லாரும் இயேசுவினிடத்தில் போகிறார்கள் என்று தன் சீஷர்கள் வந்து சொன்னபோது, யோவான் தன் அளவைப் பற்றி என்ன சொன்னார் என்று 30-ஆம் வசனத்தில் பாருங்கள். அதை வைத்து நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஊழியத்தில் தாழ்மை என்று தலைப்பிட்டு. என் சொந்த வீட்டு வழக்கில் அதை ஒருநாளும் பொருத்திப் பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது அண்ணன் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். (உவமை முழுவதும் பொருந்தாது. லைனர் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. கர்த்தர் நம்மை அப்படித் தள்ளிவிடுவதில்லை.)

நிலத்தின் வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று உங்களுக்கு எழுத ஆசைதான், எழுதினால் பொய்யாகும்.

புதிய லைனர்களை இரவு முழுவதும் உறையவைத்தால் சற்றுச் சிறுத்து, துளையில் இறங்க எளிதாயிருக்கும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அண்ணன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி சிறியது. ஆகவே மூன்று லைனர்களையும் பாலிதீன் பையில் சுற்றி எங்கள் வீட்டு ஃப்ரீசரில் வைத்தோம்; என் மனைவி மீனை எடுத்து அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணன் வந்தார். வாசலில் நின்றபடியே கொடு என்றார். உள்ளே வாருங்கள், காப்பி கொதிக்கிறது என்றேன். லைனர்கள் சூடேறிவிடும் என்றார். காப்பி முடியும்வரை அவை ஃப்ரீசரிலேயே இருக்கட்டும் என்றேன். செருப்பைக் கழற்றினார்.