காராபுரித் தீவில் ஒரு நாள்

மும்பை மாநகரில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்குக் கடல் புதியதன்று. மாலை வேளையில் மெரீன் டிரைவில் காற்று வாங்குகிறோம். விடுமுறை நாளில் ஜூஹூ மணலில் குழந்தைகளை விளையாட விடுகிறோம். ஆயினும் கரையில் நின்று கடலைக் கண்டவருள், கடல்மீது சென்று இந்நகரின் கரையைக் கண்டவர் நம்மிடையே மிகுதியாக இருப்பர் என்று தோன்றவில்லை. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில், ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில், மலையைக் குடைந்து அமைத்த பழம்பெரும் சிவாலயம் ஒன்று உளது. எலிபண்டா என்று உலகம் அழைக்கும் அத்தீவின் சொந்தப் பெயர் காராபுரி. அங்குக் குடும்பத்துடன் சென்று வந்த அனுபவத்தை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இப்பயணத்துக்குக் காரணமாக அமைந்தவர் எங்கள் அன்னையார். தந்தையார் மறைந்தபின், திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மூன்று மாதம் எங்களுடன் தங்குவதற்காக வந்திருந்தார். இரண்டு மாதங்கள் கடந்தும் அவருக்கு வீட்டில் மனம் பொருந்தவில்லை. குறை ஒன்றும் சொல்லவில்லை. எனினும் பன்னிரண்டு வயது மகனும் எட்டு வயது மகளும் பள்ளியிலும் தெருவிலும் பேசும் மொழி இந்தியும் ஆங்கிலமுமாக இருக்க, ஆச்சி கேட்பது அவர்களுக்குப் பாதியும் அவர்கள் சொல்வது ஆச்சிக்குப் பாதியுமாக விளங்கி வந்தது. "பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன, பேசத்தான் மாட்டேன் என்கின்றன" என்று அவர் ஒருநாள் இரவு எங்களிடம் கூறியபோது மனம் கனத்தது. ஊருக்குத் திரும்பும் நாளை முன்னதாக வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை காராபுரி செல்வதென்று முடிவு செய்தோம்.

தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் பொட்டலம் கட்டிக்கொண்டு, காலை எட்டு மணிக்கெல்லாம் மின்சார வண்டியில் சத்திரபதி சிவாஜி மகராஜ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் இந்தியா வாயிலை அடைந்தோம். 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்நகரில் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்ட இவ்வளைவு, 1924-இல்தான் முற்றுப்பெற்றது. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையின் கடைசிப் பிரிவு 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று இதே வாயில் வழியாகக் கப்பலேறிச் சென்றது. மன்னரின் வருகை நினைவாகக் கட்டிய வாயில், நிறைவுற்று இருபத்து நான்கு ஆண்டுகளுக்குள் ஆங்கிலப் படையை வழியனுப்பிவிட்டது! மகன் இக்கணக்கைத் தானே போட்டுப் பார்த்து வியந்தான்.

வாயிலின் பின்புறத்துப் படித்துறையில் இரண்டடுக்குப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று இக்கடல்வழியில் சென்ற படகு ஒன்று விரைவுப் படகினால் மோதுண்டு கவிழ்ந்து, பலர் உயிரிழந்த துயரத்தை இந்நகரம் மறந்துவிடவில்லை. ஆதலின் உயிர்காப்பு அங்கியை அணிந்துகொண்ட பின்னரே நாங்கள் அமர்ந்தோம். குழந்தைகளுடன் செல்வோர் இதில் சிறிதும் சோம்புதல் ஆகாது.

படகு துறையை விட்டு நீங்கியதும் நகரம் மெல்லப் பின்வாங்கியது. கடற்படைக் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் அசைவற்று நின்றன. எண்ணெய்க் கப்பல்கள் அணையும் ஜவகர் தீவு ஒருபுறம் தென்பட்டது. வடக்கே, 2024-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அடல் சேது, பனிமூட்டத்தில் ஒரு கோடு போல நீண்டு கிடந்தது. அதன் மொத்த நீளம் 22 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் அன்னையார் கண்ணை மூடிக்கொண்டு இருக்கையின் விளிம்பைப் பற்றியிருந்தார். கடற்பறவைகள் கூட்டமாகப் படகைத் தொடர்ந்து வரவே, இளையவள் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். அன்னையார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தார். அதன்பின் மறு கண்ணையும் மூடவில்லை.

தீவின் துறையிலிருந்து மலையடிவாரம் வரை நீண்ட கற்பாதை உண்டு. அதில் ஓடும் பொம்மை இரயிலில் குழந்தைகளுடன் நாங்களும் ஏறிச் சென்றோம். அடிவாரத்திலிருந்து 120 படிகள். இருமருங்கும் மணிமாலையும் மரப்பொம்மையும் விற்கும் கடைகள், கூரைமீது குரங்குகள். கையில் உணவுப் பொட்டலம் தெரிந்தால் அவை விடுவதில்லை. முதியவரைச் சுமந்து செல்ல டோலிக்காரர்கள் முன்வந்தனர். அன்னையார் மறுத்துவிட்டார். "நாலு பேர் தூக்கிக்கொண்டு போகும் நாள் தானே வரும்; இன்றைக்கு நடந்தே வருகிறேன்" என்றார். பதினைந்து படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறி முடித்தார்.

காராபுரியில் இரண்டு குன்றுகள். கீழைக் குன்றில் பௌத்தத் தூபியின் எச்சங்கள் உள்ளன. மேலைக் குன்றில் ஐந்து சைவக் குடைவரைகள். அவற்றுள் முதலாவதே பெருங்கோவில். கருங்கல் மலையின் உள்ளே ஏறத்தாழ 130 அடி ஆழத்துக்குக் குடைந்து, தூண்களை வரிசை வரிசையாக விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கல்லைக்கூட வெளியிலிருந்து கொணர்ந்து வைத்துக் கட்டியதன்று. வேண்டாத கல்லை நீக்க நீக்க, வேண்டிய கோவில் எஞ்சி நின்றது. 1987-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

இதனைச் செய்வித்தவர் யார்? கி.பி. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கலசுரி மன்னர் காலத்தில் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கலசுரி வேந்தன் கிருஷ்ணராசனின் நாணயங்கள் இத்தீவில் கிடைத்துள்ளன. உறுதியாகச் சொல்லத்தக்க கல்வெட்டு மட்டும் இல்லை. 1534-ஆம் ஆண்டில் இப்பகுதி போர்ச்சுக்கீசியர் வசமாயிற்று. கோவிலில் இருந்த எழுத்துப் பொறித்த கல்லை அவர்கள் பெயர்த்துத் தங்கள் நாட்டுக்கு அனுப்பிவிட்டனர் என்று அவர்களுடைய வரலாற்றாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். அக்கல் இன்றுவரை மீளவில்லை. துறையருகே நின்ற கல் யானையைக் கண்டு அவர்கள் வைத்த பெயரே எலிபண்டா. சிற்பங்களின் கைகால்கள் சிதைந்ததிலும் அக்காலத்து வீரர்களின் துப்பாக்கிகளுக்குப் பங்கு உண்டு என்பர்.

அன்னையார் வாயிற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே விளக்கில்லை; பூவில்லை; திருநீற்று மணமில்லை. நாள்பூசை நடைபெறும் கோவிலன்று இது என்று விளக்கினோம். வாயிலருகே ஆடல்வல்லானின் பெரிய திருவுருவம் உள்ளது. கால்கள் இல்லை, கைகளுள் பல இல்லை. தாமிர சபையைக் கண்டு வளர்ந்த அவர் அதன்முன் திகைத்து நின்றார். பின்னமான திருமேனியை வணங்கலாகாது என்பது ஊர் வழக்கம் அன்றோ! சிறிது நேரம் கழித்து, "கால் போனால் என்ன? ஆடுகிற முகம் இருக்கிறதே" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

மண்டபத்தினுள் நான்கு வாயில்கள் கொண்ட கருவறை ஒன்று இருக்கிறது. வாயிலுக்கு இருவராக எட்டுத் துவாரபாலகர் ஓங்கி நிற்கின்றனர். உள்ளே சிவலிங்கம் பழுதின்றி இருக்கிறது. அன்னையார் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, ஊரிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை எடுத்துக் குழந்தைகளின் நெற்றியில் இட்டார். வீட்டில் அவர் இடவரும்போது நெளியும் மகன், அங்கே தலைகுனிந்து நின்றான்.

வழிகாட்டி ஒருவர் ஒரு கூட்டத்தினருக்கு இந்தியில் விளக்கிச் செல்ல, நாங்கள் பின்தொடர்ந்தோம். ஒரு சுவரருகே வந்ததும் அன்னையார் நின்றுவிட்டார். மிகவும் சிதைந்த சிற்பம் அது. மேலே அம்மையும் அப்பனும். கீழே மலையின் அடியில் ஓர் உருவம். இன்னார் என்று எங்களுக்கே உடனே விளங்கவில்லை.

"இது நம்ம கைலாச வாகனம் இல்லையா? கீழே இருக்கிறவன் இராவணன்" என்றார் அவர்.

திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் வாகனத்தில் அவர் சிறுமியாயிருந்த நாள் முதல் கண்ட காட்சி. வழிகாட்டியின் கூட்டம் முன்னே சென்றுவிட்டது. குழந்தைகள் செல்லவில்லை. "அவன் ஏன் கீழே இருக்கான், ஆச்சி?" என்று இளையவள் கேட்டாள். இந்தி கலவாமல் அவள் ஆச்சியிடம் கேட்ட முதல் முழுக் கேள்வி அதுவாகவே இருக்கலாம்.

அன்னையார் தூணடியில் அமர்ந்து சொல்லத் தொடங்கினார். செருக்குற்ற அரக்கன் கயிலையைப் பெயர்க்க முயன்றதும், அம்மை அஞ்சியதும், ஐயன் கால் விரலை ஊன்றியதும், நசுங்கியவன் தன் நரம்பையே யாழாக்கி இசைபாடியதும், பாட்டுக்கு இரங்கிய பெருமான் வாளும் வரமும் தந்ததும் அவர் வாயிலிருந்து கதையாக வந்தன. திருஞானசம்பந்தர் தம் பதிகங்கள் பெரும்பாலானவற்றின் எட்டாம் பாடலில் இராவணனின் இந்நிகழ்ச்சியையே பாடுகிறார். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் இக்கடல் தீவில் ஒரு சிற்பி அதனையே கல்லில் செதுக்கியிருக்கிறான். அன்னையார் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். கல்வெட்டு இருந்திருந்தாலும் அவரால் படித்திருக்க இயலாது. சுவரை அவர் படித்துவிட்டார்.

அதன்பின் வழிகாட்டி எங்களுக்குத் தேவைப்படவில்லை. திருக்கல்யாணச் சிற்பத்தில் மணமகள் நாணித் தலைகுனிந்து வலப்புறம் நிற்பதைக் காட்டி, "இன்னும் தாலி ஏறவில்லை, ஏறிய பிறகுதான் இடப்பக்கம் வருவாள்" என்றார். மாதொரு பாகனைக் கண்டு, "திருச்செங்கோட்டு அர்த்தநாரி" என்றார். கங்கையைச் சடையில் தாங்கும் திருக்கோலத்தின்முன் மகன் முந்திக்கொண்டு, "இது பகீரதன் கதை, எனக்குத் தெரியும்" என்று கூறித் தானே சொல்லலானான். அவன் சொல் தேடித் தடுமாறிய இடங்களில் ஆச்சி சொல் எடுத்துக்கொடுத்தார்.

நடுச்சுவரில் மகேச மூர்த்தி. தோள் வரையில் மட்டும் செதுக்கப்பட்ட வடிவமே ஏறத்தாழ 18 அடி உயரம். மூன்று முகங்கள் புலனாகின்றன. ஒருபுறம் சீற்றமும், மறுபுறம் தாமரை ஏந்திய பெண்மையின் மென்மையும். நடுவில் இமை தாழ்ந்த பேரமைதி. சிதைவு அதனைப் பெரிதும் தீண்டவில்லை. அதன்முன் அன்னையார் கதை ஒன்றும் சொல்லவில்லை. இளையவளை மடியில் இருத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்தார். தந்தையார் மறைந்தபின் அவர் முகம் அவ்வளவு தெளிந்திருக்க நாங்கள் கண்டதில்லை.

மர நிழலில் உணவு உண்டு, தீவின் பெண்கள் விற்ற வெள்ளரிக்காயும் மோரும் வாங்கினோம். இத்தீவின் சிற்றூர்களுக்குக் கடலடிக் கம்பி வழியாக மின்சாரம் வந்தது 2018-ஆம் ஆண்டில்தான் என்பதை அறிந்தபோது வியப்பாயிருந்தது. இரவெல்லாம் ஒளிவீசும் மும்பை கண்ணெதிரே இருக்க, இவர்கள் அத்தனை ஆண்டுகள் விளக்குக்குக் காத்திருந்தார்கள். மாலைப் படகில் இருவர் மடியிலும் தலைவைத்துக் குழந்தைகள் உறங்கிவிட்டனர்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமைகளில் குடைவரை மூடப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு விடுவதில்லை. காலை முதற் படகுகளில் சென்றால் வெயிலும் கூட்டமும் குறைவு. பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்குத் தொல்லியல் துறையின் நுழைவுக்கட்டணம் இல்லை. இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: வீட்டில் முதியவர் இருப்பின் அவரைத் தவறாது அழைத்துச் செல்லுங்கள். படிகள் நூற்றிருபதும் அவருக்கு ஏறத்தக்கவையே.

தீவுக்குப் பெயர் தந்த அக்கல் யானை இப்பொழுது அங்கில்லை. 1864-ஆம் ஆண்டு அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல முயன்று தூக்கியபோது கீழே விழுந்து துண்டு துண்டாயிற்று. பின்னர் 1914-இல் ஒட்டவைக்கப்பெற்று, பைகுல்லாவில் டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. அடுத்த ஞாயிறு அதனையும் கண்டோம். யானை விழுந்து உடைந்த வரலாற்றை இம்முறை இளையவள் ஆச்சிக்குச் சொன்னாள். நடுவே வந்த மூன்று இந்திச் சொற்களுக்கு ஆச்சி தமிழ் கேட்டார். இரண்டுக்கு அவளே யோசித்துச் சொல்லிவிட்டாள். அன்னையார் ஊருக்குத் திரும்பும் நாளை முன்னதாக வைத்துக்கொள்ளும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.