மணி என்னவென்று வீட்டுக்கு யார் சொல்வது?

சாயங்காலம் வாசல் விளக்கு தானாக எரிய வேண்டும். காலை ஆறு மணிக்கு ஹீட்டர் ஓட வேண்டும். ராத்திரி பத்து மணிவரை மாடிப்படி விளக்கு அணையக் கூடாது. இதையெல்லாம் கவனித்துக்கொள்ளும் சின்னப் பெட்டிதான் ஹோம் ஆட்டோமேஷன் கண்ட்ரோலர். மாட்டியவுடன் அது கேட்கும் முதல் கேள்வி: இப்போது மணி என்ன?

கேள்வி சுலபம்தான். பதில்தான் அவ்வளவு சுலபமில்லை!

பெட்டிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பெரும்பாலும் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை எண்ணித்தான் பெட்டி மணி பார்க்கிறது. நாளைக்கு இரண்டு நொடி பிசகினால் மாதத்தில் ஒரு நிமிடம் போச்சு. கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்திருந்தால் எல்லாமே மறந்துபோகும். பரவாயில்லை, திரும்பவும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி: வீடு எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் பாஸ்டனில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவது இரவு எட்டே கால் தாண்டி. டிசம்பரிலோ நாலே கால் வாக்கில். அதனால்தான் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கேட்கிறது. பாஸ்டன் மேற்கே 71 டிகிரியில் இருக்கிறது. அந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட மறந்தால், பெட்டி வீட்டைக் கிழக்கே கொண்டுபோய் வைத்துவிடும். சாயங்கால விளக்கு காலையிலேயே எரியும்!

மூன்றாவது கேள்விதான் சிக்கல்: கோடையில் மணியை எப்போது ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது? இதற்குப் பதில் வானத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. சட்டம் மாறும்.

மாறவும் செய்தது. அமெரிக்கா 2005-ல் ஒரு எரிசக்திச் சட்டம் போட்டது. அதன்படி 2007-ல் கோடை நேரம் ஏப்ரல் 1-க்குப் பதிலாக மார்ச் 11 அன்றே தொடங்கியது. பழைய தேதியை உள்ளே வைத்திருந்த பெட்டிகளுக்கு இது எப்படித் தெரியும்?

பாஸ்டனில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி விளக்கு ஏழு மணிக்கு எரிய வேண்டும். மார்ச் 11 அன்று சூரியன் ஏழுக்கு முன்பே மறைந்துவிட்டது. பெட்டிக்கோ அப்போதுதான் ஆறு மணி. விளக்கு எரிய எட்டாகும். அந்த ஒரு மணி நேரம் படியில் இருட்டு.

மறுநாள் மகன் வந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டுப் போகிறார். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஏப்ரல் 1 வந்ததும் பெட்டி தன் பழைய விதிப்படி இன்னொரு மணி நேரம் தள்ளும். இப்போது பத்துக்கு அணைய வேண்டிய விளக்கு ஒன்பதுக்கே அணையும். பாட்டி பாதிப் படியில் நின்றால்? மகன் திருத்தியது மணியை. திருத்த வேண்டியது விதியை. விதியை மாற்ற வழியில்லாத பெட்டி என்றால், தானாகத் தள்ளும் வசதியை நிறுத்திவிட்டு வருடம் இரண்டு முறை கையால் மாற்றுவதே மேல்.

இப்போதுதான் இணையத்திலிருந்தே மணி வந்துவிடுகிறதே என்று தோன்றலாம். டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்.டி.பி. என்ற நெறிமுறை 1985 முதல் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அது தருவது உலகப் பொது நேரம் மட்டும். பாஸ்டனின் விதி என்ன என்பதை அது சொல்லாது. அது பெட்டியின் மென்பொருளோடு தனியாக வர வேண்டும். தயாரித்தவர் அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்டால், பெட்டி பழைய சட்டத்திலேயே தங்கிவிடும். 2022-ல் கோடை நேரத்தையே நிரந்தரமாக்கும் மசோதா அமெரிக்க செனட்டில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் மறுபடியும் இதே கதைதான்.

அதனால் பெட்டியை மாட்டிக் கொடுப்பவர் போவதற்கு முன் வீட்டில் இருப்பவருக்கு இரண்டு விஷயம் காட்டிக் கொடுக்க வேண்டும். ஒன்று, விதியை எங்கே மாற்றுவது. இன்னொன்று, பெட்டியைக் கேட்காமலே படி விளக்கைப் போட சுவரில் ஒரு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது.