கார் இருக்கிறது... ஆனால் இல்லை!

தேவிபட்டினத்தில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தை வணங்கிவிட்டு உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை, ராமேஸ்வரம் என்று போகிற கூட்டம்தான் அவருக்குச் சோறு போடுகிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வண்டி நிற்க நேரம் இருக்காது. பழைய வண்டியை விற்று, கடனும் ஏற்பாடு செய்து, பெரிய குடும்பம் ஏறக்கூடிய ஒரு டீசல் இன்னோவா வாங்க முடிவு செய்கிறார். வருஷம் 2022.

அந்த ஆண்டு ஆகஸ்டில் டொயோட்டா நிறுவனம் இன்னோவா கிரிஸ்டா டீசல் வண்டிக்கு முன்பதிவையே தற்காலிகமாக நிறுத்திவிட்டது. தேவை மிக அதிகம், காத்திருப்பவர்களுக்கு முதலில் கொடுக்கிறோம் என்றார்கள். ஓட்டுநருக்குக் காரணம் முக்கியமில்லை. வண்டி இல்லாமல் ஓர் அமாவாசை போனால் அந்த வருமானம் போனதுதான். ஆனால் கட்டுரைக்குக் காரணம்தான் முக்கியம்!

கேள்வி இதுதான். மக்கள் விரும்பிக் கேட்கிற காரை, விற்பனையாளருக்கு அளந்து அளந்து கொடுத்தால் அது சுதந்திரச் சந்தைப் போட்டியைக் கெடுக்கிறதா?

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தியாவில் காருக்குக் காத்திருப்பது புதிதல்ல. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டருக்கு முன்பதிவு செய்துவிட்டுப் பத்து வருஷம் காத்திருந்த கதைகளை இன்றும் தாத்தாக்கள் சொல்வார்கள். முன்பதிவுச் சீட்டுக்கே தனி விலை இருந்தது! எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்று லைசென்ஸ் மூலம் அரசே எல்லை போட்டது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளிவந்தபோது நாடே திரும்பிப் பார்த்ததற்கு இந்த ஏக்கமும் ஒரு காரணம். 1991-க்குப் பிறகு லைசென்ஸ் முறை தளர்ந்து, புதிய நிறுவனங்கள் வந்த பிறகுதான் வாங்குபவர் ராஜாவானார்.

அப்படியானால் இன்று வண்டி கிடைக்காவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது? இங்கே பலரும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள தேவிபட்டினத்துக் கடற்கரையே போதும். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் வரத்து குறைகிறது, விலை ஏறுகிறது. ஆனால் போட்டி செத்துவிட்டது என்று யாரும் அழுவதில்லை. நாட்டுப்படகில் வந்த மீனை யார் வேண்டுமானாலும் ஏலம் கேட்கலாம். அதே கரையில் ஒரு வியாபாரி முன்பணம் கொடுத்து, "உன் மீனை எனக்குத்தான் தர வேண்டும், நான் சொல்வதுதான் விலை" என்று ஒரு மீனவரைக் கட்டிப்போட்டால்? மீன் ஏராளமாக இருக்கும். ஆனால் அங்கே போட்டி இல்லை!

ஆக, பொருள் குறைவாக இருப்பது வேறு. பொருளை வாங்க, விற்க இருக்கும் வழியை அடைப்பது வேறு.

காருக்கும் இதே கணக்குதான். 2021, 2022-ல் உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு வந்தது. தொழிற்சாலையாலேயே வண்டி செய்ய முடியவில்லை. அது சதியல்ல. வேண்டுமென்றே குறைத்துச் செய்பவர்களும் உண்டு. ஃபெராரி நிறுவனம் தன் எஃப்50 காரை 349 மட்டுமே செய்தது. அதனால் யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை. பணக்காரர் வேறு கார் வாங்கிக்கொள்வார். பல நிறுவனங்கள் மோதும் சந்தையில் ஒருவர் கையைச் சுருக்கினால் மற்றவருக்குத்தான் லாபம். ஆனால் சந்தையையே ஆள்கிற நிறுவனம் உற்பத்தியைச் சுருக்கினால் அது வேறு. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு அதைத்தான் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்கிறது.

அப்படியென்றால் ஓட்டுநருக்குக் கவலையே வேண்டாமா? வேண்டும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

1) தலையில் கட்டுவது. "வண்டி சீக்கிரம் வேண்டுமா? இந்த சீட் கவர், இந்த மேட், எங்களிடமே இன்சூரன்ஸ்..." என்று பட்டியல் நீட்டுவது. தட்டுப்பாடு இருக்கும்போதுதான் இது பலிக்கும். காப்பீட்டை எங்கே எடுப்பது என்பது வாங்குபவர் உரிமை.

2) விற்பனையாளரைக் கட்டிப்போடுவது. ராமநாதபுரத்தில் விலை ஒத்துவராவிட்டால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மதுரைக்குப் போகலாம். அங்கேயும் அதே விலை என்றால்? மாருதி சுசுகி மீது எழுந்த புகார் இதுதான். நிறுவனம் அனுமதித்ததற்கு மேல் தள்ளுபடி கொடுத்த டீலர்களுக்கு அபராதம் போட்டார்கள், வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பிச் சோதித்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் முடிவு செய்து, 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

3) உதிரிபாகத்தை மறுப்பது. 2014-ல் 14 கார் நிறுவனங்களுக்கு ஆணையம் மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல், சாதாரண மெக்கானிக்குகளால் போட்டி போட முடியாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கார் வாங்குவது ஒரு முறை. அதைப் பழுது பார்ப்பது ஆயுள் முழுக்க!

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. டீலர் கண்டபடி விலையை வெட்டினால் சர்வீஸ் தரம் குறையும், பக்கத்து டீலர் கடையை மூடுவார், கடைசியில் சிறிய ஊர்க்காரர்தான் அலைய வேண்டும் என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. அதனால்தான் சட்டத்தின் 3(4) பிரிவு இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடை செய்யவில்லை. போட்டிக்குக் கணிசமான கெடுதல் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறது. தள்ளுபடி விஷயத்திலேயே 2017-ல் ஹூண்டாய்க்குப் போட்ட 87 கோடி ரூபாய் அபராதத்தை, அடுத்த ஆண்டே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. சந்தேகம் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும்.

முடிவாக என்ன? கார் குறைவாக இருப்பதே போட்டிக்கு எதிரி இல்லை. வரிசை மறைவாக இருப்பதுதான் எதிரி. முன்பதிவு எண், தேதி, தனக்கு முன்னால் எத்தனை பேர் என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். முன்பணத்தைக் கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும். டீலர் தன் லாபத்தில் விட்டுக்கொடுக்க நினைத்தால் அதை யாரும் தடுக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தால், ஆறு மாதம் காத்திருப்பதா, வேறு கம்பெனி வண்டிக்கு மாறுவதா என்று அந்த ஓட்டுநரே கணக்குப் போட்டுக்கொள்வார். அமாவாசைத் தேதி அவருக்கு முன்கூட்டியே தெரியும். வண்டி வரும் தேதியும் தெரிந்தால் போதும்.

லைசென்ஸ் காலத்தில் வரிசையில் நின்றவருக்கு வேறு வழி இல்லை. இன்று வழி இருக்கிறது. அதை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சட்டத்தின் வேலை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், நண்பர்களே?